பத்து பலூன், ஐந்து ஃப்ரேம்

மெரினாவில் பலகை முழுக்கப் பலூன் கட்டி வைத்து ஏர் கன்னைக் கையில் கொடுப்பார்களே, அதைத்தான் எட்டு பிட் விளையாட்டாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு ஆட்டம் 60 வினாடி. 90களில் வீட்டில் வாங்கிய டிவி கேம் பெட்டி, அதோடு வந்த துப்பாக்கி, பழைய பிக்சர் ட்யூப் டிவி, எஸ்டி கார்டு செருகும் ஒரு கேசட். இவ்வளவுதான் கருவி.

பலூன் 16க்கு 16 புள்ளி. மூன்று நிறம்தான் வைக்கலாம் என்பதால் விளிம்புக்குக் கருஞ்சிவப்பு, உடலுக்குச் சிவப்பு, இடது மேல் மூலையில் இரண்டே இரண்டு வெள்ளைப் புள்ளி. அந்த இரண்டு புள்ளி விழுந்ததும் தட்டையாக இருந்த வட்டம் காற்றடைத்த பலூனாகிவிட்டது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரிசைக்கு ஐந்து பலூனாக அடுக்கியதும் ஐந்தாவது காணாமல் போனது. திரையில் தனியே நகர்த்தக்கூடிய சிறு படத்துக்கு ஸ்ப்ரைட் என்று பெயர். இந்தப் பெட்டியில் ஒரு கிடைவரியில் எட்டு ஸ்ப்ரைட்டுக்கு மேல் தெரியாது. பலூன் ஒன்றுக்கு அகலவாக்கில் இரண்டு வேண்டும். சரி என்று பலூன்களைப் பின்னணி ஓடுகளாக, அதாவது பின்னணியில் பதித்த சிறு கட்டங்களாக, மாற்றினேன்.

அப்புறம் துப்பாக்கி. அதிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை. குழலுக்குள் ஒரு லென்ஸ், வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு பாகம். திரை காட்டுவதை அது பார்க்கிறது. 1984இல் வந்த டக் ஹண்ட் என்ற வாத்து சுடும் விளையாட்டில் விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். அங்கே வெளிச்சம் தெரிந்தால் வாத்து விழும். நானும் அப்படியே எழுதினேன். ஒரு பலூனும் வெடிக்கவில்லை.

ஒன்றரை நாள் கழித்துத்தான் புரிந்தது. பிக்சர் ட்யூப் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வரைகிறது. குறி வைத்த இடத்தை அது கடந்த பிறகு சுமார் 25 வரி நேரம்தான் துப்பாக்கியின் சிக்னல் நிற்கும். நான் ஃப்ரேமுக்கு (திரையில் முழுசாக வரையப்படும் ஒரு படத்துக்கு) ஒரு முறை, அதுவும் எல்லாம் அணைந்த பிறகு படித்துக்கொண்டிருந்தேன். ஃப்ரேம் முழுக்க விடாமல் படிக்க வைத்ததும் முதல் பலூன் வெடித்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் பத்து பலூனையும் ஒவ்வொன்றாக மின்னவைத்தால் பத்து ஃப்ரேம். நம் ஊர் பெட்டியில் வினாடிக்கு 50 ஃப்ரேம், ஆக 0.2 வினாடி திரை இருட்டு. கண்ணை உறுத்தியது. அதனால் ஒவ்வொரு பலூனுக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணின் பிட்டுகளை, அதாவது அதை 0, 1 என்று மட்டும் எழுதினால் வரும் இலக்கங்களை, மின்னலாகக் காட்டினேன்: 1 என்றால் மின்னும், 0 என்றால் இருட்டு. பத்து எண்ணுக்கு நான்கு ஃப்ரேம் போதும். ஆனால் முதல் பலூனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் சுட்டால் மூன்றாவது வெடித்தது! துப்பாக்கி இரண்டின் வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூன்று.

இதற்குக் கிடைத்த விடையில்தான் எனக்கு இவ்வளவு சந்தோஷம். ஐந்து ஃப்ரேம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பலூனும் சரியாக இரண்டில் மட்டும் மின்னும்படி செய்தேன். ஐந்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்கப் பத்து வழி. என்னிடம் இருப்பதும் பத்து பலூன். நடுவில் சுட்டால் மூன்று அல்லது நான்கு ஃப்ரேமில் வெளிச்சம் தெரியும், உடனே தவறிய குண்டு என்று கணக்கு. டியூப் லைட்டைப் பார்த்துச் சுட்டு ஏமாற்றப் பார்த்தால் ஐந்திலும் தெரியும், அதுவும் செல்லாது. இன்னொன்று: பலூன்கள் பின்னணியில் இருந்தாலும் மின்னும் வெள்ளைக் கட்டம் ஸ்ப்ரைட்தான். ஒரு ஃப்ரேமில் மின்னுவது நான்கே பலூன். நான்கும் ஒரே வரிசையில் வந்தாலும் எட்டு ஸ்ப்ரைட். வரம்புக்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது.

இப்போது விசையை அழுத்தினால் 0.1 வினாடி மினுக்கல், 'டப்' என்று ஒரு சத்தம், பலகையில் கிழிந்த ரப்பர் துண்டு. நான்கு அடி தூரத்தில் நன்றாகப் பிடிக்கிறது, எட்டு அடியில் தடுமாறுகிறது. அடுத்த வேலை கடற்காற்று. பலூன்கள் லேசாக ஆட வேண்டும். பின்னணி ஓடுகளைத் தனித்தனியே நகர்த்த முடியாது என்பதால் சாய்ந்த பலூன் ஒன்றைப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறேன். வெள்ளைப் புள்ளி இரண்டையும் எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.