நாலரை வயதில் சமநிலைப் பரிசோதனை: நாங்கள் போய்வந்த அனுபவம்

முதலில் கவனித்தது முன்பள்ளி ரீச்சர்தான். "அம்மா, தம்பி மற்றப் பிள்ளையளை விடக் கூட விழுறான். கெந்தி விளையாடேக்க ஒதுங்கி நிக்கிறான். ஒருக்காக் காட்டிப் பாருங்கோ" என்றார். மகனுக்கு அப்போது நாலரை வயது. "ஆம்பிளைப் பிள்ளை, விழுந்து எழும்பித்தான் வளரும்" என்பது அம்மம்மாவின் கருத்து. ஆனால் ரீச்சர் வருடாவருடம் அதே வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்க்கிறவர். நாங்கள் பார்ப்பது ஒரே பிள்ளையை. அவருடைய கண்ணை நம்பினேன்.

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, பிள்ளை வைத்தியரிடம் காட்டச் சொன்னார். வைத்தியர் பரிசோதித்துவிட்டு இயன்மருத்துவருக்கு (பிசியோதெரபிஸ்ற்) கடிதம் தந்தார். போகிறவர்கள் கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டு போங்கள். அங்கே கேட்ட கேள்விகளில் பாதிக்குமேல் பதில் அதற்குள்தான் இருந்தது. எத்தனையாம் கிழமையில் பிறந்தான், என்ன நிறை, எப்போது தானாக உட்கார்ந்தான், எப்போது நடந்தான் என்றெல்லாம் கேட்டார்கள். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படியான சிரமம் வரும் வாய்ப்புக் கூட. எங்கள் மகன் 36 கிழமையில் பிறந்து, 15 மாதத்தில் நடந்தவன். தனியாக நடக்க உலக சுகாதார நிறுவனம் காட்டும் வீச்சு ஏறக்குறைய 8 முதல் 17.6 மாதம் வரை. ஆகவே நடையில் அவன் பிந்தவில்லை.

இயன்மருத்துவர் மிஸ் எடுத்தவுடன் எந்தச் சோதனையும் செய்யவில்லை. பாயில் இரண்டு விளையாட்டுக் கார்களை உருட்டிவிட்டு, அவன் குந்தி விளையாடுவதையும் எழும்புவதையும் பார்த்துக்கொண்டே என்னோடு கதைத்தார். நிலத்திலிருந்து எழும்பும் பிள்ளை கைகளைத் தொடையில் ஊன்றி ஊன்றி ஏறினால் அது தசைப் பலவீனத்தின் அடையாளமாக இருக்கலாம். குறிப்பாக ஆண் பிள்ளைகளில் அதைக் கவனித்துப் பார்ப்பார்களாம். மகன் கை ஊன்றாமல் எழும்பினான். எனக்கு மூச்சு வந்தது. காலையில் தலையிடியோ சத்தியோ இருக்கிறதா, முன்பு செய்த ஒன்றைத் திடீரென்று செய்யாமல் விட்டானா, தலையைச் சரித்துப் பிடிக்கிறானா என்றும் கேட்டார். இவற்றில் ஒன்று இருந்தாலும் சமநிலைச் சோதனைக்கு நாள் பார்த்துக் காத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

பிறகுதான் முறையான பரிசோதனை. பிள்ளைகளின் அசைவுத் திறனை அளக்கும் மூவ்மென்ற் ஏ.பி.சி. என்ற சோதனைத் தொகுப்பின் 2007இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்தினார். அதில் 3 முதல் 6 வயதுக்கென்று தனிப் பகுதி உண்டு. கைவேலை 3, பந்துவேலை 2, சமநிலை 3 என்று மொத்தம் 8 வேலைகள். நாணயம் போடுவதும் மணி கோர்ப்பதும் அவனுக்கு இலேசாக முடிந்தன.

சமநிலையில் முதலாவது ஒற்றைக் காலில் நிற்பது. 30 செக்கன் வரை நேரம் பார்ப்பார்கள். ஆனால் யாரும் அந்த வயதில் அவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பதில்லை. 4 வயதில் 4, 5 செக்கன், 5 வயதில் 8 முதல் 10 செக்கன் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. மகன் வலக்காலில் 6 செக்கன் நின்றான். இடக்காலில் 2 செக்கன்கூட இல்லை. அடுத்தது, குதிக்காலை உயர்த்தி நிலத்தில் ஒட்டிய நாடாவின் மேல் நடப்பது. 15 அடி வைக்க வேண்டும். பாதியிலேயே குதி நிலத்தில் பட்டுவிட்டது. கடைசியாக, வரிசையாகப் போட்ட சதுரப் பாய்களில் இரண்டு காலையும் சேர்த்துத் துள்ளுவது. அதில் மட்டும் மகிழ்ச்சியாகத் துள்ளினான்.

செக்கன் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருந்தால் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. மிஸ் அவன் எப்படி விழுகிறான் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தார். இடக்காலில் நிற்கும்போது கணுக்கால் அசைந்து சரிசெய்யவே இல்லை, முழு உடம்பையும் ஆட்டித்தான் நிற்கப் பார்த்தான், சுவரில் பார்க்கச் சொன்ன படத்தை விட்டுக் கண் விலகியதும் கால் நிலத்துக்கு வந்துவிட்டது. இதே 2 செக்கன் நிற்கிற இன்னொரு பிள்ளை விளையாட்டுக் கவனத்தில் காலைக் கீழே வைத்திருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. அதனால்தான் ஒருமுறை பிழைத்தால் இன்னொருமுறை செய்யவிட்டு, நல்லதைக் கணக்கில் எடுக்கிறார்கள். வாயால் விளக்காமல் செய்து காட்டுகிறார்கள். நான் "விழாதே, கவனம்" என்று சொல்லத் தொடங்கியபோது, மிஸ் சிரித்தபடி கையால் மறித்தார். நீங்களும் பிள்ளையின் கண்ணில் படுகிற இடத்தில் பேசாமல் இருங்கள். இன்னொன்று, காலையில் சாப்பிட்டுவிட்டு, நித்திரை குறையாமல் கூட்டிப் போங்கள். களைத்த பிள்ளையில் எதையும் அளக்க முடியாது.

பிறகு தடித்த ஸ்பொன்ஜ் மெத்தையில் ஏற்றி, கண் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை நிற்கவிட்டார். நாங்கள் நேராக நிற்கக் கண், உட்காது, பாதமும் மூட்டும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் வேண்டும். மெத்தையில் பாதத்தின் செய்தி குழம்பும். கண்ணை மூடினால் மிச்சம் காதுதான். 4 முதல் 6 வயது வரை இந்த மூன்றையும் மூளை பொருத்தப் பழகும் காலம். 7 முதல் 10 வயதுக்குள்தான் பெரியவர்களை ஒத்த நிலை வரும். அதனால் சின்னப் பிள்ளைகள் கண்ணை மூடினால் ஆடுவது இயல்புதான். மகன் ஆடவில்லை, அப்படியே சாய்ந்துவிட்டான். மிஸ் பிடித்துக்கொண்டார். "இவனுக்கு அடிக்கடி தடிமன் வாறதோ?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. ஆமாம், மாதத்துக்கு மாதம் வரும்.

முடிவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில் சொல்வார்கள். அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் கடைசி ஐந்து இடத்துக்குள் வந்தால் சிவப்பு, அதற்கு மேல் பதினைந்து வரை மஞ்சள், மிச்சம் பச்சை. சமநிலையில் மகன் மஞ்சள். அந்த அளவுகள் பிரித்தானியப் பிள்ளைகளை வைத்து எடுக்கப்பட்டவை என்பதையும் மிஸ் மறைக்காமல் சொன்னார். இங்கே செருப்பில்லாமல் முற்றத்திலும் நல்லூர் வீதி மணலிலும் ஓடித் திரிகிற பிள்ளைகளுக்கு அது அப்படியே பொருந்தும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. உடம்பின் அசைவுகளைச் சேர்த்துச் செய்யச் சிரமப்படும் நிலைக்கு வைக்கிற அசைவு ஒருங்கிணைப்புக் கோளாறு என்ற பெயரையும் 5 வயதுக்கு முன் வழமையாக வைப்பதில்லை. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

அடிக்கடி தடிமன் வருவதால் காது வைத்தியரிடம் காட்டியபோது, இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் தேங்கியிருந்தது. தடிமனுக்குப் பிறகு சிறுவர்களுக்கு இது பரவலாக வருவது. காது கேட்பதை மந்தப்படுத்தும், சமநிலையையும் குழப்பலாம். பெரும்பாலும் தானாக வற்றிவிடும் என்பதால் மூன்று மாதம் பொறுத்துத் திரும்பப் பார்த்தார்கள். வற்றியிருந்தது.

அந்த இடைக்காலத்தில் வீட்டில் செய்யச் சொன்னவை எளியவை. கோண்டாவிலில் அம்மம்மாவின் தோட்டத்து வாய்க்கால் வரம்பில் நடந்தான், காற்சட்டை போடும்போது சுவரைப் பிடிக்காமல் போட்டான், ரீச்சர் கெந்தும் விளையாட்டில் அவனை முதலாவதாக விட்டார்.

மறுபரிசோதனையில் அதே நாடா, அதே வெறுங்கால், அதே காலை நேரம். இடக்காலில் 5 செக்கன் நின்றான். காது சரியானதாலா, பயிற்சியாலா, வயது கூடியதாலா என்று கேட்டேன். "பிரிச்சுச் சொல்ல ஏலாது. இந்த வயசில ஒண்டும் செய்யாட்டிலும் ஒரு முன்னேற்றம் வரும்" என்றார் மிஸ். முந்தைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இப்போது கணுக்கால் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது, கண் விலகினாலும் இரண்டு செக்கன் தாங்குகிறான் என்று எழுதியிருந்தது. குதி உயர்த்தி நடப்பதில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. தரம் 1இல் சேர முன்னர் இன்னொருமுறை பார்ப்பதாகத் திகதி தந்திருக்கிறார்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியை ரீச்சரிடமும் கொடுத்திருக்கிறேன்.