பதில முதல்லயே சொல்லிக் குடுத்துடணும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு ரிஹாப் சென்டர்ல சைக்காலஜிஸ்ட்டா வேலை பாக்கறேன். பைக்ல ஹெல்மெட் இல்லாம விழுந்தவங்க, தென்னமரத்துல இருந்து விழுந்தவங்கன்னு தலையில அடிபட்டவங்க நிறைய வருவாங்க. கை கால் தேறி, நல்லா நடந்துட்டாரேன்னு சொந்தக்காரங்க சந்தோஷப்படறப்பதான் மறதியும் கோபமும் வெளிய தெரிய ஆரம்பிக்கும்.

பால் சொசைட்டிக்கு வண்டி ஓட்டிட்டிருந்த ஒருத்தரு, அவர நான் மறக்கவே மாட்டேன். வலிப்பு மாத்திரைய போட்டமா இல்லையான்னே அவருக்கு ஞாபகம் இருக்காது. நான் என்ன பண்ணேன்னா ஃபோன்ல மெமரி கேம் விளையாட வெச்சேன், அப்புறம் "மாத்திரை டப்பா எங்க இருக்கு, யோசிச்சு சொல்லுங்கண்ணா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். "பீரோ"ன்னாரு. இல்லண்ணா, டிவி பக்கத்துலன்னு திருத்தினேன். அடுத்த வாரமும் பீரோ, அதுக்கடுத்த வாரமும் பீரோ. கேம்ல மட்டும் ஸ்கோர் ஏறிட்டே போச்சு. அவங்க வீட்டம்மா ஒருநாள், "ஏனுங்க மேடம், கேம்ல ஜெயிக்கறாருங்க, மாத்திரைய நாந்தானுங்க இன்னும் எடுத்துக் குடுக்கறேன்"னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அப்பதான் ஒழுங்கா தேட உக்காந்தேன். சிட்னி யுனிவர்சிட்டில ராபின் டேட்டும் அவங்க டீமும் 2004ல சைக்பைட்னு ஒரு டேட்டாபேஸ் ஆரம்பிச்சாங்க, இப்ப அதுக்கு நியூரோபைட்னு பேரு, காசு கட்ட வேண்டியதில்ல. மூளை பாதிப்புக்கான சைக்காலஜி சிகிச்சை ஆராய்ச்சிகள மட்டும் திரட்டி, எவ்வளவு கவனமா செஞ்ச ஆராய்ச்சின்னு பாத்து மார்க்கும் போட்டிருக்காங்க, நோயாளிகள குலுக்கல் மாதிரி ரேண்டமா குரூப்பா பிரிச்சு செஞ்ச ஆராய்ச்சின்னா 10க்கு இத்தனைன்னு. ஞாபகமா, கோபமா, பேச்சான்னு பிரச்சனைய வெச்சே தேடலாம். இந்த மார்க் எனக்குப் பெரிய உதவி, ஏன்னா பேப்பர் பேப்பரா படிச்சு எடை போட சின்ன சென்டர்ல யாருக்கு நேரம் இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லணும், மார்க் அதிகம்னா ஆராய்ச்சி நம்பகமானதுன்னுதான் அர்த்தம், சிகிச்சை பலிச்சுதுன்னு அர்த்தமில்ல, பலிக்கலன்னு நல்லா நிரூபிச்ச ஆராய்ச்சிக்கும் நல்ல மார்க் வரும்.

படிக்கப் படிக்க நான் பண்ணின தப்பு புரிஞ்சுது. தப்பான பதில திருத்தினோம்ங்கறது இப்படி மறதி வந்தவங்களுக்கு நினைவுல நிக்காது, ஆனா வாயில வந்த அந்தத் தப்பு மட்டும் பழக்கமா ஒட்டிக்கும். ஞாபகத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ற சைக்காலஜிஸ்ட்டுங்க ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994லயே இத காட்டிட்டாங்க. யூகிக்கவே விடக்கூடாது, பதில நாமளே முதல்ல சொல்லி, திரும்பச் சொல்ல வெச்சு, இடைவெளிய கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். ஞாபகப்படுத்தற கருவியும் உதவும், வில்சன் டீம் 2001ல 143 பேருக்கு, செய்ய வேண்டியத நேரத்துக்கு ஞாபகப்படுத்தற பேஜர் குடுத்துப் பாத்ததுல, முழுசா முடிச்சவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல அன்றாட வேலைகள முன்னைய விட நல்லா செஞ்சாங்க. அந்த பேஜர் வேலைய இன்னைக்கு நம்ம ஃபோன் அலாரமே செஞ்சுடும்.

கேம நிறுத்தினேன். காலைல 8 மணிக்கு அவரு பொண்ணு குரல்லயே அலாரம், "அப்பா, டிவி பக்கத்துல மாத்திரை". சட்டைப் பையில ஒரு குட்டி நோட்டு, கயிறு கட்டின பேனா, தமிழ்லயே எழுதறது. மாத்திரைய முழுங்கினதும் டிக். முதல் ரெண்டு வாரம் டிக் எல்லாம் வீட்டம்மா கையெழுத்துதான். மூணாவது வாரம் கோணல்மாணலா அவரோடது வந்துச்சு, பக்கத்துலயே பால் 6 லிட்டர்னு கணக்கும் எழுதியிருந்தாரு, அத யாரும் சொல்லிக் குடுக்கல.

கோபம் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கு. போன வாரம் நோட்டையே தூக்கி எறிஞ்சிட்டாராம். இப்ப அதுக்குத்தான் தேடிட்டு இருக்கேன்.