இனிஷியல் மாறியதால் போன ஒன்பது நாட்கள்: என் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அனுபவம்

சிகிச்சை முடிந்த பிறகான ஆறு மாதச் செக்கப் ரிப்போர்ட் போன வாரம்தான் கைக்கு வந்தது. அதுவரை இதை எழுத மனசு வரவில்லை.

எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டியவர்களுக்குச் செய்யும் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அசிட்டிக் அமிலம் தடவிய இடம் வெள்ளையாகத் தெரிகிறது என்று சொல்லி, சிஸ்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அதுவரை நடந்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளே வீண். வெள்ளைப்படுதலும் வாடையும் எனக்கு ஐந்தாறு வருடமாகவே உண்டு. மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வது, அதற்கென்று விற்கும் வாஷ் ஊற்றி உள்ளே வரைக்கும் கழுவுவது, இதுதான் நான் செய்துகொண்ட வைத்தியம். டாக்டரிடம் காட்டப் போகிறோமே, சுத்தமாகப் போவோம் என்று முந்தின இரவு மாத்திரையை உள்ளே வைத்து, காலையில் நன்றாகக் கழுவிவிட்டுக் கிளம்பினேன். ஒன்றரை மணி நேரம் பஸ், மூன்று மணி நேரம் வரிசை. டாக்டரம்மா பார்த்ததும், "மாத்திரை கரைஞ்சு ஒட்டியிருக்கும்மா, இன்னைக்கு எடுத்தா சரியா வராது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தேதி எழுதிக் கொடுத்த கவுன்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாள் மிஞ்சியிருக்கும். அதனால் நான் சொல்கிறேன்: இரண்டு நாள் முன்பிருந்தே உள்ளே மாத்திரை, க்ரீம், வாஷ் எதுவும் வேண்டாம். தாம்பத்தியமும் வேண்டாம். மாதவிலக்கு நாளாக இல்லாமல் பார்த்துத் தேதி கேளுங்கள்.

இரண்டாம் முறை அண்ணி கூட வந்தார். கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை, செய்யும்போது திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். அயோடின் தடவியதும் சுற்றிலும் கரும்பழுப்பாக மாறியது. ஒரு ஓரம் மட்டும் நிறம் பிடிக்காமல் வெளிறிய மஞ்சளாகவே நின்றது. நல்ல செல்லில் கிளைகோஜன் என்கிற மாவுச்சத்து நிறைய இருக்கும், அயோடின் அதில்தான் பிடிக்கும், இந்த இடத்தில் அது குறைந்துவிட்டது என்று டாக்டர் காட்டினார். அங்கிருந்துதான் இரண்டு துணுக்கு கிள்ளி பயாப்சிக்கு எடுத்தார். வலி என்று பெரிதாக இல்லை, ஒரு சுருக், அவ்வளவுதான்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். பத்து நாளில் ரிப்போர்ட் என்றார்கள். போனால், "வரலம்மா, அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரமும் அதே பதில். எந்தப் பெயரில் தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு அந்தக் குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புற்றுநோயா இல்லையா என்று தெரியாமல் ராத்திரி தூக்கமில்லாமல் கிடக்கிறவளுக்கு அந்த "வரல" எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் அண்ணிதான் நேராக லேப் வாசலில் போய் நின்று, எண்ணைச் சொல்லித் தேட வைத்தார். ரிப்போர்ட் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஓபி சீட்டில் என் கணவர் இனிஷியல், பயாப்சி படிவத்தில் ஆதாரைப் பார்த்து எழுதிய அப்பா இனிஷியல். வேறு யாரோ என்று தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாற்றியவர்கள் எல்லாச் சீட்டிலும் ஒரே இனிஷியல் இருக்கிறதா என்று பாருங்கள். லேப் எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

சி.ஐ.என். 2 என்று எழுதியிருந்தது. புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய மாற்றம். வீட்டில் பெரியவர் ஒருவர், "சுத்தமா இல்லாட்டி இப்படித்தான்" என்று சொல்லியிருந்தார். அது என்னை ரொம்ப அறுத்தது. டாக்டரிடம் அழுதுகொண்டே கேட்டேன். அவர் கோபமே பட்டார். காரணம் ஹெச்.பி.வி. என்கிற வைரஸ், அழுக்கு இல்லை என்றார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். திரையில் பார்த்த அதே கிளைகோஜனிலிருந்துதான் லாக்டோபாசில்லஸ் என்கிற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலம் உண்டாக்குகிறது. அந்தப் புளிப்பு இருக்கிறவரை மற்ற கிருமிகள் அடங்கியிருக்கும். உள்ளே கழுவக் கழுவ அந்த நல்லதும் சேர்ந்து போகலாம். லாக்டோபாசில்லஸ் குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகியவர்களிடம் இந்த வைரஸும் இந்த மாதிரி மாற்றங்களும் கூடுதலாகத் தெரிகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன, 2015-இல் லண்டனிலிருந்து வந்ததும் அதில் ஒன்று என்றார். எது முந்தி, எது பிந்தி என்பது இன்னும் தீர்மானமாகவில்லையாம். கடைக்காரர் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கொடுத்த, நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் காப்ஸ்யூலைக் காட்டினேன். இது சி.ஐ.என்.-ஐக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதே என்றார். வாடைக்குக் காரணமான கிருமித் தொற்றைத் தனியாகப் பார்த்து, ஒரு வாரம் மாத்திரை எழுதினார். இத்தனை வருடத்தில் பரிசோதித்துவிட்டுக் கொடுத்த முதல் மருந்து அது.

இந்த வகை மாற்றம் சிலருக்குத் தானாகவே மறையும், சின்ன வயசுப் பெண்களுக்குக் காத்திருந்து பார்ப்பதும் உண்டு. எனக்குப் பிள்ளைப்பேறு முடிந்துவிட்டதால் லீப் என்கிற சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டு, கம்பி வளையத்தால் அந்த இடத்தைச் சீவி எடுத்தார்கள், இருபது நிமிடம். கொஞ்ச நாள் பழுப்பாகப் பட்டது, அப்புறம் நின்றுவிட்டது.

போன வாரம் ஹெச்.பி.வி. ரிப்போர்ட்டை வாங்கியதும் முதலில் இனிஷியலைத்தான் பார்த்தேன். என்னுடையதுதான். கீழே நெகட்டிவ். அண்ணி கவுன்டர் முன்னாலேயே என்னைக் கட்டிக்கொண்டார். அடுத்த பரிசோதனைக்குத் தேதி குறித்துக்கொண்டு பஸ் ஏறினோம்.