அலுமினாவும் அப்பாவின் சூளையும்

திருவையாறு பக்கம் எங்கள் ஊர். அப்பா குடமுருட்டிக் கரை வண்டலில் பானை வனைந்தவர். ஈரப் பானையை நான் வெயிலில் வைத்தால் அவரிடம் திட்டு விழும்.

நான் இப்போது பீங்கான் செய்ய உதவும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தூளை, ஒளி பட்டால் இறுகும் பிசினில் குழைத்து, முப்பரிமாண உருப்படிகளாக (3D printing) அடுக்கடுக்காக அச்சிடுகிறேன். ஒரு அடுக்கு 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லிசு. அச்சிட்டு எடுத்தது இன்னும் பீங்கான் இல்லை. நகம் பட்டாலே கீறல் விழும். உலையில் முதலில் பிசின் எரிந்து வெளியேற வேண்டும். அப்புறம் 1600 டிகிரி வாக்கில் துகள்கள் ஒன்றோடொன்று பிணையும். அப்போது உருப்படி ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். 10 மி.மீ. வேண்டுமென்றால் 12.5 மி.மீ. அச்சிட வேண்டும்.

போன மாதம் ஒரு முனைக்குழாய் (நாசில்) அச்சிட்டேன், அடிப்பாகம் 8 மி.மீ. தடிமன். அவசரத்தில் சூட்டை வேகமாக ஏற்றிவிட்டேன். உள்ளே ஆவியான பிசினுக்கு வெளியேற வழியில்லை. அடுக்குகளுக்கு இடையிலேயே, நூல் பிடித்தது போல நேராகப் பிளந்துவிட்டது. மனசு ஆறவில்லை, ஊருக்கு எடுத்துப் போனேன்.

அப்பா பிளவில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "அடி கனமா இருக்கு, மேல மெலிசா இருக்கு. ஒண்ணா எப்படிடா காயும்?"

சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் காவிரி வண்டல் பூசிய மெழுகு உருவை உருக்கி வெளியேற்றும்போதும், மெழுகு வடிய வழி விடுவார்கள். அதுவும் அப்போதுதான் உறைத்தது.

சரி என்று வடிவத்தை மாற்றி, அடிப்பாகத்தை உள்ளே குடைந்து, சுவரை 3 மி.மீ. ஆக்கி, புதிதாக அச்சிட்டேன். 600 டிகிரி வரை ஏற்றவே இரண்டு நாள் விட்டேன். நேற்று உலையைத் திறந்தேன். கீறலே இல்லை. தட்டினால் கணீரென்கிறது. அந்தச் சத்தத்தை முதலில் அப்பாவுக்குத்தான் போனில் கேட்க வைத்தேன்.