எஷ்-ல இன்னும் இருக்கோம்

செப்டம்பர் 1, 2025, திங்கள்

சரியா 12 மணிக்கு எஷ் ஊர்ல அபாயச் சைரன். மாசத்தோட முதல் திங்கக்கிழமை டெஸ்ட் பண்றது லக்சம்பர்க் நாடு பூராவும் வழக்கம்தான், தெரிஞ்சும் வயித்தைக் கலக்குது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஓனரம்மா அனுப்பின ரெஜிஸ்டர்ட் லெட்டர் இன்னும் ஃப்ரிட்ஜ் மேலயே கிடக்கு. இவர் அதைத் தொடவே மாட்டேங்கிறார்.

செப்டம்பர் 3

அம்மா போன்ல, "ஒரு நாடு பூராவும் தேடியா ஒரு வீடு கிடைக்கல?" மொத்த நாடே 2,586 சதுர கிலோமீட்டர்மா, நம்ம தஞ்சாவூர் மாவட்டத்துல முக்கால்வாசிதான்னு சொன்னேன். "அப்ப தேடுறது ஈஸிதானே"ங்கிறாங்க. என்னத்தச் சொல்ல.

செப்டம்பர் 4

லஞ்ச்ல எல்லாரும் ஒரே அட்வைஸ். பார்டருக்கு அந்தப் பக்கம் போயிடு, வாடகை எவ்ளோ குறையும் தெரியுமா. சொல்றவங்க எல்லாருமே அந்தப் பக்கத்து ஆளுங்கதான், மேனேஜர் ஃப்ரான்ஸ் மெட்ஸ்ல இருந்து வர்றார், ஒரு பொண்ணு ஜெர்மனி ட்ரியர், என் பக்கத்து சீட்டு பையன் பெல்ஜியம் ஆர்லோன். இந்த லக்சம்பர்க்ல வேலை பாக்குறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் ராத்திரி இந்த நாட்டுல தூங்குறதே இல்ல, 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல, அதுலயும் பாதிக்கு மேல ஃப்ரான்ஸ்ல இருந்துதான். காலைல வந்து பேங்க்கு, ஆஸ்பத்திரி, கடை, கட்டட வேலை எல்லாத்தையும் ஓட்டிக் குடுத்துட்டு சாயங்காலம் கிளம்பிடுவாங்க. அவங்களுக்கு பாஸ்போர்ட் ஐரோப்பா பாஸ்போர்ட், எங்க வேணா படுக்கலாம். நம்மகிட்ட இருக்குறது லக்சம்பர்க் பர்மிட். எல்லை தாண்டி போய் காய்கறி வாங்கலாம், பெட்ரோல் போடலாம் (போட மாட்டோம், இங்கதான் கம்மி), ஆனா ஃப்ரான்ஸ்ல குடியிருக்கணும்னா ஃப்ரெஞ்ச் பர்மிட் தனியா வாங்கணும், அங்க இருந்து இங்க வேலைக்கு வர்றதுக்கு இங்க திரும்ப பர்மிஷன் கேக்கணும். இதை விளக்கிச் சொன்னா அவங்க முகத்துல நிஜமாவே ஆச்சரியம். எல்லைல செக்கிங்கே வேணாம்னு ஷெங்கன் ஒப்பந்தம் இருக்கேன்னு ஒருத்தர் கேட்டார். இருக்கு சார், ரோட்டுக்கு இருக்கு.

இன்னொண்ணு யார்கிட்டயும் சொல்லல. சிட்டிசன்ஷிப்புக்கு இந்த நாட்டுக்குள்ளயே அஞ்சு வருஷம் குடியிருந்திருக்கணும். நாங்க வந்தது 2022. இப்ப வெளிய காலை வெச்சா அந்தக் கணக்கு அங்கயே நின்னுடும்.

செப்டம்பர் 7

வாடகைக்கு வீடு கேட்டா, சிடிஐ (நிரந்தர வேலை ஒப்பந்தம்) இருக்கா, மூணு மாச சம்பள ஸ்லிப், வாடகை சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. எஷ்ல ரெண்டு பெட்ரூம் 1,900 கேக்குறாங்க. அட்வான்ஸ் ரெண்டு மாசத்துக்கு மேல வாங்கக்கூடாது, ஏஜென்ட் ஃபீஸை ஓனரும் பாதி ஏத்துக்கணும்னு போன வருஷம் சட்டம் மாத்துனாங்க, அதுக்கு நன்றி. அதுக்காக வீடு முளைச்சிடாது இல்ல.

இன்னிக்கு வானம் க்ளியர். பால்கனில இருந்து கட்டனோம் அணு மின் நிலையத்துப் புகை தெரியுது. புகை இல்ல, நீராவிதான். நாலு ரியாக்டர், ஃப்ரான்ஸ் மண்ணு, இங்க இருந்து எட்டுற தூரம். அங்க ஏதாவது ஆச்சுன்னா போட்டுக்க கவர்மென்ட் குடுத்த அயோடின் மாத்திரை சமையல்கட்டு ட்ராயர்ல இருக்கு. பெட்டி கட்டும்போது அதை மறக்கக்கூடாது.

செப்டம்பர் 15, திங்கள்

ஸ்கூல் தொறந்தாச்சு. பாப்பா ஃபர்ஸ்ட் க்ளாஸ். கிண்டர்கார்டன்ல லக்சம்பர்கிஷ் பேசிட்டு இருந்தா, இனிமே எழுதப் படிக்க ஜெர்மன்ல, கொஞ்சம் வளந்ததும் ஃப்ரெஞ்ச், ஹைஸ்கூல் போனா கணக்கு ஃப்ரெஞ்ச்ல. இந்த ஊர்ல பாதிக்கு மேல வெளிநாட்டுக்காரங்க, மூணுல ஒருத்தர் போர்ச்சுகீஸ், அந்தப் புள்ளைங்களுக்கு ஜெர்மன் ஏறாம அங்கயே பின்தங்கிப் போறாங்கன்னு வருஷக்கணக்கா பேசிப் பேசி, இப்பதான் ஜெர்மனா ஃப்ரெஞ்சான்னு பெத்தவங்களே தேர்ந்தெடுக்கலாம்னு கொண்டு வர்றாங்க. அதுவும் அடுத்த வருஷத்துல இருந்து. நம்ம புள்ளைக்கு ஒரு வருஷம் தப்பிடுச்சு.

க்ளாஸ் டீச்சர்கிட்ட நடு வருஷத்துல ஊர் மாறலாம்னு சொல்ல வாய் வரல.

செப்டம்பர் 18

இவர் சண்டை. நானும் சண்டை. எழுத ஒண்ணுமில்ல.

செப்டம்பர் 21, ஞாயிறு

சும்மா வீட்டுல உக்காந்தா மறுபடி சண்டை வரும்னு கிளம்பி ஷெங்கன் போனோம். பஸ் ஃப்ரீ. 2020 பிப்ரவரி 29ல இருந்து நாடு பூராவும் பஸ், ட்ரெயின், ட்ராம் எதுக்கும் டிக்கெட் இல்ல, ட்ரெயின்ல ஃபர்ஸ்ட் க்ளாஸ் தவிர. வீடு மட்டும் ஃப்ரீயா குடுத்திருந்தா சொர்க்கம்.

ஷெங்கன் ஒரு சின்ன கிராமம். மொசெல் ஆறு, சரிவு பூரா திராட்சைத் தோட்டம், பாலத்துக்கு அந்தாண்ட ஜெர்மனி, கொஞ்சம் திரும்பினா ஃப்ரான்ஸ். 1985ல இங்க ஒரு படகு மேலதான் அந்த ஷெங்கன் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க, பிரின்செஸ் மரீ அஸ்ட்ரிட். அந்தப் படகையே தேடிப் பிடிச்சு வாங்கி இந்த வருஷம் திரும்பக் கொண்டு வந்து கட்டி வெச்சிருக்காங்க. பாப்பாவுக்கு படகு பிடிச்சுது. இவர் போர்டை எல்லாம் படிச்சுட்டு சொன்னார், இந்த எடத்துல ஆறு ரெண்டு நாட்டுக்கும் பொதுவாம், நடுவுல கோடே கிடையாதாம், தண்ணி முழுக்க ரெண்டு பேருக்கும் சொந்தம். மேல ஹைவேல ஜெர்மன் போலீஸ் ஒரு லேனாக்கி நிறுத்தி நிறுத்தி உள்ள பாக்குறாங்க, போன வருஷம் செப்டம்பர்ல இருந்து அப்படித்தான். 40 வருஷம் கொண்டாடின அதே ஊர்ல. சிரிக்கிறதா என்னன்னு தெரியல.

பாலத்துல பாதி வரைக்கும் நடந்தேன். பாதில நின்னு அந்தப் பக்கம் பெர்ல்ல இருக்குற வீடுங்களைப் பாத்துட்டே இருந்தேன், வாடகைக்குன்னு ஒரு போர்டு தொங்குது.

செப்டம்பர் 26

ஓனர் மதாம் வந்தாங்க, பாய்லர் பாக்கணும்னு. பாக்க வந்தது பாய்லர் இல்லன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். காபி குடுத்தேன். பேரனுக்காகத்தான் வீடு கேக்குறாங்க, சட்டப்படி சரி, ஆறு மாசம் டைம் குடுத்தாச்சு, சொந்த உபயோகம்னா கேக்கலாம். அந்தப் பையன் இப்ப இருக்குறது தியோன்வில் பக்கம். லக்சம்பர்க் புள்ளை, இங்க வாடகை கட்ட முடியாம ஃப்ரான்ஸ்ல. தினம் ட்ரெயின்ல இங்க வேலைக்கு வர்றான். அதைச் சொல்லும்போது அந்தம்மாவுக்கு கண்ணு கலங்கிடுச்சு, நான் கோபப்பட ரெடியா இருந்தேன், கோபம் எங்க போச்சுன்னே தெரியல.

அப்புறம் அவங்க பாட்டுக்கு பேசிட்டே போனாங்க. அப்பா பெல்வால் உலைல வேலை, ஆர்பெட் கம்பெனி, 1911ல ஆரம்பிச்சது. காயப் போட்ட துணி சாயங்காலம் சிவப்பா இருக்குமாம், இந்தப் பக்கத்து மண்ணே இரும்பு, அதான் மினெட்னு பேரு. 1997ல கடைசி உலையும் நின்னுடுச்சு. இப்ப அங்க யூனிவர்சிட்டி, துருப்பிடிச்ச உலைக்குக் கீழ பசங்க லேப்டாப்போட உக்காந்திருக்காங்க. ஆர்பெட் ஆர்செலர் ஆகி 2006ல மித்தல் வாங்கிட்டார், "உங்க ஊர்க்காரர்"னு என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சாங்க. நான் என்ன பண்ணட்டும் மதாம், அவர் எனக்கு வீடு வாங்கிக் குடுக்க மாட்டார்.

அப்புறம் யுத்தக் கதை. 1942 ஆகஸ்ட் 31, நாஜி ஆட்சில கட்டாய ராணுவச் சேர்ப்பு அறிவிச்சதும் வில்ட்ஸ் ஊர்ல ஸ்ட்ரைக் ஆரம்பிச்சுது. இந்தப் பக்கம் ஷிஃப்லாஞ்ச் ஃபேக்டரில சாயங்காலம் ஷிஃப்ட் நேரத்துல ஒருத்தர் சைரனை இழுத்து விட்டார், ஹான்ஸ் ஆதாம்னு பேரு, பொறப்புல ஜெர்மன்காரர். அவரை கொலோனுக்குக் கொண்டு போய் தலையை வெட்டிட்டாங்க. மத்தவங்களை சுட்டாங்க, மொத்தம் 21 பேர். மதாமோட அப்பா அன்னிக்கு அந்த சைரனைக் கேட்டவராம். ஒவ்வொரு முதல் திங்களும் 12 மணிக்கு இவங்களுக்கு என்ன தோணுமோ, கேக்கல.

காபி டம்ளரை அவங்களே கழுவி வெச்சுட்டுப் போனாங்க.

அக்டோபர் 3, வெள்ளி

இன்னிக்கு நாட்டுக்கே புது ஓனர். கிராண்ட் டியூக் ஹென்றி, இந்த ஊர் ராஜா, 25 வருஷத்துக்கு அப்புறம் எறங்கி மகன் கியோமுக்கு விட்டுட்டார். மத்தியானம் ட்ராம் பிடிச்சு ஓடினேன், கூட்டத்துல தலைங்க மட்டும்தான் தெரிஞ்சுது, கொடி ஆட்டினேன், யாரோ கைல திணிச்சாங்க. பார்லிமென்ட்ல உறுதிமொழி எடுத்தார், 60 எம்.பி. முன்னாடி. அதிகாரம்னு பெருசா ஒண்ணும் இல்ல, 2008ல கருணைக்கொலை சட்டத்துக்கு மனசாட்சி ஒத்துக்கலன்னு ஹென்றி சொல்லப் போக, அவர் ஒப்புதலே தேவையில்லன்னு அரசியல் சட்டத்தையே மாத்திட்டாங்க. சத்தமே இல்லாம. இப்படி ஒரு ஊரு.

பக்கத்துல நின்ன வயசான ஆளு அழுதார். எனக்கும் தொண்டை அடைச்சுது, ஏன்னு புரியல, இங்க ஓட்டுகூட இல்லாத ஆளு நான். பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல போடலாம், பார்லிமென்ட்டுக்கு முடியாது. 2015ல வெளிநாட்டுக்காரங்களுக்கு ஓட்டு குடுக்கலாமான்னு ஊரைக் கேட்டாங்க, 78 சதவீதம் வேணாம்னுச்சு. அந்த 78-ல மதாம் உண்டான்னு ஒரு யோசனை. சே.

சாயங்காலம் திரும்பி வந்து ரெண்டு ஃபண்டுக்கு என்.ஏ.வி. (ஒரு யூனிட்டோட அன்னிக்கு விலை) முடிச்சுக் குடுத்தேன். ராஜா மாறினாலும் விலை 5 மணிக்குள்ள போகணும். நாடு பூரா இப்படித்தான் ஓடுது, ஃபண்ட் பிசினஸ்ல அமெரிக்காவுக்கு அடுத்து இவங்கதான், 1988ல ஐரோப்பிய ஃபண்ட் சட்டத்தை மொதல்ல கொண்டு வந்தவங்க. உலகத்துப் பணமெல்லாம் இங்க குடியிருக்கு. பணத்துக்கு பெட்ரூம் வேணாம்.

அக்டோபர் 6

சைரன்.

அக்டோபர் 11, சனி

வில்ட்ஸ்ல ஒரு வாடகை வீடு போய்ப் பாத்தோம். வடக்கே போகப் போக வேற நாடு மாதிரி. தெக்க வயலும் ஃபேக்டரியும், மேல ஓஸ்லிங் பக்கம் வெறும் காடு, குன்று, பள்ளத்தாக்கு. குன்றுன்னாலும் நாட்டுலயே உசந்த எடம் 560 மீட்டர்தான், இவர் "ஏற்காடே டபுள் மடங்குக்கு மேல"ன்னார், நல்ல மூட்ல இருந்தார். கௌடென்பாக்ல ட்ரெயின் மாறணும்.

வீடு நல்லா இருக்கு. பழசு, மரப்படி சத்தம் போடுது, ஆனா வெளிச்சம். 1,450. ரெண்டு பெட்ரூம், கீழ ஒரு குடோன். பாப்பா மாடிப்படி ஏறி எறங்கிட்டே இருந்தா. ஆபீஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல, ஆனா அந்த லைன் ஃபாஃபென்தால்ல நிக்கும், அங்க இருந்து ரயில்பெட்டி மாதிரி ஒண்ணு செங்குத்தா மேல இழுத்துட்டுப் போய் ஆபீஸ் இருக்குற கிர்ஷ்பெர்க்ல விட்டுடும், அதுவும் ஃப்ரீ. நாடு சின்னதா இருக்குறதுல இந்த ஒரு லாபம்.

ஸ்ட்ரைக் நினைவுச்சின்னம் அந்த ஊர்லதான், டவர் மாதிரி. மதாம் சொன்னது ஞாபகம் வந்து அங்க நின்னேன். அப்புறம் ஃபாத்திமா மாதா கோயில், மே மாசம் ஏசு விண்ணேற்ற நாள்ல நாடு முழுக்க இருக்குற போர்ச்சுகீஸ்காரங்க ஆயிரக்கணக்குல இங்க வருவாங்கன்னு எதிர் வீட்டு அக்கா சொல்லியிருக்காங்க. அந்தக்கா இப்ப எதிர் வீட்டுல இல்ல. எல்லை தாண்டி ஓடன் லெ டிஷ்ல வீடு வாங்கிட்டுப் போயிட்டாங்க, காலைல நாலு மணிக்கே கிளம்பி கிர்ஷ்பெர்க்ல ஆபீஸ் க்ளீன் பண்ண வர்றாங்க. சுத்தம் பண்ற பேங்க் பேரைச் சொல்லி எப்பவாவது பெருமையும் பட்டுக்குவாங்க.

அக்டோபர் 14

ஏஜென்ட் இன்னும் கூப்பிடல.

அக்டோபர் 15

கூப்பிடல. ஆர்லோன் பையன் லீவ் கணக்கு போடுற மாதிரி வீட்டுல இருந்து வேலை பாத்த நாளைக் கணக்கு போடுறான், வருஷத்துக்கு 34 தாண்டினா வரி பெல்ஜியத்துக்குப் போயிடும். அவன் இருக்குறது பெல்ஜியத்துல லக்சம்பர்க்னே பேரு வெச்ச மாகாணம், இந்த நாட்டை விட பெருசு, 1839ல பிரிச்சு எடுத்துட்டாங்க. "நான்தான் ஒரிஜினல் லக்சம்பர்க்"னு கிண்டல் பண்றான். இன்னிக்கு எனக்கு சிரிப்பு வரல.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. லீவ் போடல. காலைல எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு ட்ரெயின். ரிப்பன் பக்கோடா டப்பால எடுத்துட்டுப் போனேன், மெட்ஸ் மேனேஜர் மூணு தடவை எடுத்தார்.

ராத்திரி இவர் சொல்றார், வில்ட்ஸ் கிடைக்கலன்னா ஊருக்கே போயிடலாமா. வெளையாட்டா சொன்ன மாதிரி சொன்னார். நான் பாத்திரம் கழுவிட்டே இருந்தேன்.

அக்டோபர் 29

மதாம் போன். வீடு கிடைக்க லேட்டானா சமாதான நீதிபதிகிட்ட எழுதி டைம் கேக்கலாம், நான் எதிர்க்க மாட்டேன்னு அவங்களே சொல்லிக் குடுக்குறாங்க. வீட்டைக் காலி பண்ணச் சொன்னவங்களே. அந்த 78 நினைப்பு எனக்கு வந்திருக்கவே கூடாது. இல்ல, வரலாம், ரெண்டுமே இருக்கலாம் ஒரு ஆளுக்குள்ள.

நவம்பர் 5

லீவ், பாப்பா வீட்டுல. மூணு பெட்டி கட்டினேன். எங்க போறோம்னு தெரியாமயே. அயோடின் மாத்திரையை எதுல வெச்சேன்னு தெரியல, பிரிச்சுத் தேடினேன்.

நவம்பர் 13

ஏஜென்ட் கூப்பிட்டார்! ரெண்டு ஃபைல்தான் மிச்சமாம், எங்களோடதும் இன்னொரு ஜோடியோடதும். ஓனருக்கு ஒரே சந்தேகம், எங்க பர்மிட் அடுத்த வருஷம் முடியுதே, புதுப்பிக்கலன்னா? புதுப்பிப்பாங்க சார், வேலை இருக்கு, சம்பளம் இருக்கு. அதை ஆபீஸ்ல இருந்து எழுதி வாங்கிட்டு வரணுமாம், நாளைக்கு 5 மணிக்குள்ள.

நவம்பர் 14, வெள்ளி

ஹெச்.ஆர். பொண்ணு ஃப்ரைடே வீட்டுல இருந்து வேலை. ட்ரியர்ல. மூணு மணி ஆச்சு, மெயில் போட்டேன், போன் போட்டேன், இப்பதான் எடுத்தா, ஸ்கேனர் இல்லயாம், போட்டோ எடுத்து அனுப்புறேங்கிறா, ஏஜென்ட் போட்டோ செல்லாதுங்கிறார், இவர் அவ வீட்டுக்கே போய் வாங்கிட்டு வரேன்னு கார் சாவியைத் தேடிட்டு இருக்கார், ஹைவேல ஜெர்மன் போலீஸ் லைன் எவ்ளோ நீளம்னு நான் பாத்துட்டு