அயோவா பாட்டி வீட்டில் இந்த வருடம்

மார்ச் 3, 2024, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் எல்லோரும் நேராகப் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டோம். பாட்டி என்றால் என் மாமனாரைப் பெற்றவர், எண்பத்தாறு வயது. அயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் டெகோராவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஒரு மெயின் தெரு, ஒரு லூத்தரன் சர்ச், ஊர் எல்லையில் தானியம் கொட்டி வைக்கிற உயரமான கோபுரம், ஊர் அவ்வளவுதான். இன்று டிவியில் அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடும் கெய்ட்லின் கிளார்க்கின் ஆட்டம். பாதி ஆட்டம் முடிகிற நேரத்தில் யாரும் தடுக்காமல் போடுகிற ஃப்ரீ த்ரோ இரண்டு, கல்லூரிக் கூடைப்பந்தில் பீட் மராவிச் ஐம்பது வருடத்துக்கும் மேலாக வைத்திருந்த 3,667 புள்ளி சாதனை போயே போச்சு. வீடே கத்தியது. பாட்டி மட்டும் எழுந்து உள்ளே போய் ஒரு போட்டோவோடு திரும்பி வந்தார். 1954-ல் எடுத்த பள்ளி அணி.

இங்கே அப்போது பெண்கள் ஆடிய கூடைப்பந்தே வேறு. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் பந்து போட, மூன்று பேர் தடுக்க. யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு தடவைக்கு மேல் தட்டக் கூடாது. 1920-லிருந்தே மாநிலப் போட்டி நடந்திருக்கிறது. 1925-ல் பெண்களுக்கு இனிப் போட்டி வேண்டாம் என்று பள்ளி விளையாட்டுச் சங்கம் முடிவெடுத்தபோது, சின்ன ஊர்ப் பள்ளிக்காரர்கள் வெளியேறிப் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கினார்கள். 1993 வரை அந்த ஆறு பேர் ஆட்டம் இருந்தது. பாட்டி தடுக்கிற பக்கம். பள்ளியில் ஆடிய காலம் முழுக்க ஒரு தடவைகூடக் கூடையில் பந்து போட்டதில்லை, போடவும் விட மாட்டார்கள்.

"எதிராளி கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பாரு. கண்ணு ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தாது" என்று கொழுந்தனாரின் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பன்னிரண்டு வயது, வாயைத் திறந்தபடி கேட்டாள். அடுப்படியே கதியென்று கிடந்தவர்கள் என்று பாட்டி தலைமுறைப் பெண்களைப் பற்றி யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். அந்த போட்டோவைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

மே 27, திங்கள்

இன்று மெமோரியல் டே, போரில் இறந்த வீரர்களை நினைக்கிற நாள், கல்லறைகளில் பூ வைப்பார்கள். பாட்டிக்கு இது இன்னும் பழைய பெயரில் டெகரேஷன் டேதான். காலை ஏழு மணிக்கெல்லாம் தோட்டத்தில் பியோனி வெட்டி வைத்திருந்தார், கை அகலத்துக்கு வெள்ளையும் ரோஸுமாக. ஒவ்வொரு பூவையும் தலைகீழாகப் பிடித்து எறும்பை உதறி, காபி டப்பாக்களில் வைக்க வேண்டும். காற்றில் சாயாமல் இருக்க டப்பா அடியில் கூழாங்கல்.

கல்லறைத் தோட்டத்தில் அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் தாத்தா, அப்புறம் தாத்தாவின் அப்பா அம்மா, அப்புறம் 1961-ல் பிறந்து இரண்டே நாளில் போய்விட்ட குழந்தை. அங்கே மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு தானே குனிந்து வைத்தார். கடைசியில் ஓரமாக இரண்டு மூன்று கல்லறைகள், அந்தக் குடும்பங்களில் இப்போது ஊரில் யாருமே இல்லை. அவற்றுக்கும் டப்பா எடுத்து வந்திருந்தார்.

அந்த மேட்டிலிருந்து பார்த்தால் அவர்களுடைய பழைய நிலம் தெரியும். இந்தப் பக்கம் அயோவா தட்டையாக இருக்காது, மேடும் பள்ளமுமாக, சுண்ணாம்புப் பாறையும் ஓடையுமாக இருக்கும், அதனால் மாடு வைத்திருந்தவர்கள் அதிகம். எழுபதுகளில் விளைச்சலுக்கு நல்ல விலை, நிலம் வாங்குங்கள் வாங்குங்கள் என்று கடன் கொடுத்தார்கள், இவர்களும் பக்கத்து எண்பது ஏக்கரை வாங்கினார்கள். 1979-ல் வட்டி ஏற ஆரம்பித்தது. அயோவாவில் 1981-ல் சராசரியாக ஏக்கர் 2,147 டாலர் விற்ற நிலம் 1986-ல் 787 டாலர். கடன் மட்டும் பழைய விலைக்குத்தானே நிற்கும். வீட்டு முற்றத்திலேயே ஏலம் நடந்தது. மாடு, பால் டேங்க், டிராக்டர் எல்லாம் போயிற்று. ஏலத்துக்கு வந்தவர்களுக்கு சர்ச் பெண்கள் மதியச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். அன்றைக்குப் பாட்டியும் அவர்களோடு நின்று காபி ஊற்றியிருக்கிறார். "நாம வளர்த்த மாட்டை வாங்குறவங்க பசியோட போகக் கூடாது" என்றார். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் மினியாபொலிஸ், ஓமஹா, டி மொய்ன் என்று பிழைப்பு தேடிப் போனார்கள். பாட்டி வீட்டு ஃப்ரிட்ஜில் தொங்குகிற காலண்டர் அப்போது ஆரம்பித்ததுதான். பிறந்தநாள், கல்யாண நாள், பேரப்பிள்ளைகளின் ஆட்டம், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதுகூட அதில் இருக்கிறது. நிலம் போனால் குடும்பமும் சிதறிவிடும் என்று பயந்திருக்கிறார், சிதற விடவில்லை. இதைப் பாசம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவர் தினமும் உட்கார்ந்து செய்கிற வேலை அது.

ஜூன் 12, புதன்

சர்ச் கீழ்த்தளத்தில் போர்வை தைக்கிற நாள். பழைய திரைச்சீலை, படுக்கை விரிப்பு, எது வந்தாலும் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு 60க்கு 80 அங்குலம், நடுவில் ஒரு மெத்தை அடுக்கு, தடித்த நூலால் அங்கங்கே இரட்டை முடிச்சு. லூத்தரன் வேர்ல்டு ரிலீஃப் என்கிற தொண்டு நிறுவனம் மூலம் எங்கெங்கோ போகும். முடிச்சு போட்டபடியே என் அம்மாவின் பிறந்தநாளைக் கேட்டார். திருமங்கலத்துக்கு வாழ்த்து அட்டை போய்ச்சேர எத்தனை வாரம் ஆகும் என்றும் கேட்டார். மாலையில் பார்த்தால் அம்மா பெயர் காலண்டரில் ஏறியிருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

மக்காச்சோள நாள். பனி காயும் முன்பே பறித்துவிட வேண்டும், பறித்த நிமிடத்திலிருந்து சர்க்கரை மாவாக மாற ஆரம்பிக்கும் என்பதால் எல்லாம் அன்றைக்கே முடிய வேண்டும். பிக்கப் நிறைய வந்து இறங்கியது. மேப்பிள் மர நிழலில் பிள்ளைகள் தோல் உரித்துப் பட்டு இழைகளைப் பிரஷால் தேய்த்து எடுத்தார்கள், உள்ளே பெரிய பாத்திரங்களில் கொதிநீர், அதிலிருந்து நேராக ஐஸ் தண்ணீர்த் தொட்டி. பிறகு கத்தி. முதல் இழுப்பில் முத்தின் மேல் முக்கால் பாகம் வரும், அப்புறம் கத்தியைத் திருப்பி முதுகுப் பக்கத்தால் கதிரைச் சுரண்டினால் மிச்சப் பால் வழியும். அந்தப் பால்தான் ருசி. நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

பாட்டி சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் எங்கே என்று பிரித்துக் கொடுத்தார். மினியாபொலிஸ் பெரியப்பாவுக்கும் ஓமஹா சித்தப்பாவுக்கும் போன கிறிஸ்துமஸிலிருந்தே பேச்சு இல்லை. மிச்சமிருக்கும் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதில் தகராறு. இரண்டு பேரையும் ஒரே பலகைக்கு எதிரெதிரே உட்கார வைத்தார். ஒருவர் வெட்ட, ஒருவர் சுரண்ட. ஒரு மணி நேரம் கத்திச் சத்தம் மட்டும்தான். அப்புறம் சித்தப்பா, "உன் கத்தி மழுங்கிப்போச்சு, கொடு" என்று வாங்கித் தீட்டிக் கொடுத்தார். மத்தியானம் பேச்சு மழை, விதை விலை என்று போய்க்கொண்டிருந்தது. குத்தகை இன்னும் தீரவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஒன்றாகப் பாத்திரம் கழுவினார்கள்.

நவம்பர் 23, சனி

லெஃப்சே போட்டோம். மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெயும் க்ரீமும் மாவும் சேர்த்து, காகிதம் மாதிரி தேய்த்துப் பெரிய கல்லில் போட்டு எடுப்பது. நார்வேயிலிருந்து வந்த குடும்பங்களில் இது இல்லாமல் பண்டிகை கிடையாது. பாட்டிக்கு அக்டோபரில் தோளில் அடிபட்டதால் கட்டையை நான் பிடித்தேன். சப்பாத்தி தேய்த்த கை, வட்டம் தானாக வந்தது. ஆனால் இந்த மாவு இளகிவிடும், குளிர்ச்சி போவதற்குள் தேய்த்து, நீளமான தட்டைக் குச்சியால் நடுவில் தூக்கிக் கல்லில் உருட்டி விட வேண்டும். "ஊஃப் டா, இன்னும் மெல்லிசா. கீழே துணியோட கோடு தெரியணும்" என்று பாட்டி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஓமஹா சித்தப்பாவுக்கு வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் அன்றும் ஷிஃப்ட், வர முடியாது. அவருக்கென்று ஒரு டஜன் எடுத்து, இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவே மடித்து அட்டைப்பெட்டியில் வைத்துப் பாட்டி முகவரி எழுதினார். புதன்கிழமைக்குள் போய்ச்சேர வேண்டும் என்றால் திங்கள் காலை தபால் அலுவலகம் திறந்ததும் நான் போய் நிற்க வேண்டும்.