தெற்கே போனவனும் அழுது நின்றவளும்

வணிகக் கப்பலில் நான் பணியாற்றிய காலத்தில் பெரும்பகுதி நாலு–எட்டு வாட்சில், அதாவது நான்கு மணி முதல் எட்டு மணி வரையிலான காவல் முறையில்தான் கழிந்தது. விடியற்காலை நான்கு மணிக்குக் கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜுக்கு ஏறி, கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, கிழக்கு வெளுக்கும் நேரத்துக்காக, அடிவானத்துக்கு மேல் விண்மீன் நிற்கும் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்டைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அடிவானக் கோடு தெளிவதற்கும் விண்மீன்கள் மங்கி மறைவதற்கும் இடையே எங்கள் வெப்பக் கடல்களில் சுமார் 20 நிமிடங்கள்தான் கிடைக்கும். அதற்குள் ஐந்தாறு மீன்களின் உயரத்தை அளந்து, நொடி பிசகாமல் நேரம் குறித்து, விண்மீன்களின் இடங்களைத் தரும் அட்டவணை நூலான அல்மனாக்கைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கப்பல் நிற்கும் இடத்தைப் படத்தில் குறிக்க வேண்டும். ஜி.பி.எஸ். வந்த பிறகு இந்த வேலை பல கப்பல்களில் அருகிவிட்டது. நான் அதை விடவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த கேடட்டுகளையும் விடவிட்டதில்லை.

ஓர் அக்டோபர் மாதத்தில் மஸ்கட் பக்கத்துத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே, படகுத்துறை காலியாகாததால், கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்த ஏறிவந்த பைலட் எங்களோடு இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் காத்திருக்கும்படி ஆயிற்று. அறுபதைத் தொட்ட ஓமானியர். அவருடைய தகப்பனார் பாய்மரக் கலத்தின் நாகுதாவாக, அதாவது தலைவராக இருந்தவராம். பால் இல்லாத தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பிரிட்ஜின் பக்கவாட்டு இறக்கைக்கு வந்தவர், தெற்கே அடிவானத்துக்கு மேல் ஒன்றரை முஷ்டி உயரத்தில் எரிந்துகொண்டிருந்த மீனைக் காட்டி, "சுஹைல்" என்றார். நாங்கள் கனோபஸ் என்று அளக்கிற மீன் அது. இரவு வானில் இரண்டாவது பிரகாசமான விண்மீன். ஆகஸ்ட் கடைசியில் அது விடியலில் தலைகாட்டினால் வளைகுடாக் கரையில் வெயில் முறியத் தொடங்கிவிட்டது என்று மனிதர்கள் மகிழ்வார்கள் என்று சொல்லிவிட்டு, கதைக்கு வந்தார்.

சுஹைல் ஜவ்ஸா என்ற பெண்ணை மணந்தான். மணந்த இரவிலேயே அவள் முதுகெலும்பு முறிந்து அவன் கையால் இறந்துபோனாள். பழிக்கு அஞ்சி அவன் தெற்கே ஓடினான். அவனுக்குச் சகோதரிகள் இருவர். ஒருத்தி பால்வீதியாகிய ஆற்றைக் கடந்து அண்ணன் பின்னாலேயே போய்விட்டாள், அவள் "கடந்தவள்". மற்றவளுக்குக் கடக்க முடியவில்லை. இக்கரையிலேயே நின்று, அழுது அழுது கண் மங்கிப்போனாள். அவள் "கண் கலங்கியவள்". கடந்தவள் சிரியஸ். கலங்கியவள் புரோசியான். பைலட் கையை உயர்த்தி ஒவ்வொருவராகக் காட்டினார். பால்வீதிக்குத் தென்மேற்கே ஒருத்தியும் வடகிழக்கே ஒருத்தியும் கதையில் சொன்னபடியே நின்றார்கள். பல ஆண்டுகளாக அந்த இரண்டு மீன்களையும் அளந்திருக்கிறேன். அவற்றுக்கு இடையே ஓர் ஆறு ஓடுகிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

பிற்பாடு தேடிப் படித்தபோது, 964-ஆம் ஆண்டில் விண்மீன் நூல் எழுதிய அப்துல் ரஹ்மான் அல்-சூஃபி இந்தக் கதையை அராபியர் சொல்லும் பழங்கதையாகவே குறித்திருப்பதை அறிந்தேன். அதாவது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது பழையது. இன்றைய ராஸ் அல்-கைமா பகுதியில் இருந்த ஜுல்ஃபாரில் பிறந்து, 15-ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலின் வழிகளை எழுதிவைத்த மாலுமி அகமது இப்னு மாஜிதும் தம் கடல் அறிவில் பெரும்பகுதியைச் செய்யுளாகத்தான் பாடி வைத்தார். அவர் காலத்து மாலுமிகளுக்குத் திசைகளின் பெயர்களே விண்மீன்கள்தாம். தென்தென்கிழக்குக்குப் பெயர் சுஹைல் உதிக்கும் இடம். ஏடு நனைந்து போகும் வேலையில் இருப்பவன் வாயில் நிற்கும் வடிவத்தில்தான் அறிவைச் சேர்த்து வைப்பான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே மீனைத்தான் நம்மவர்கள் அகத்தியர் என்கிறார்கள். பரிபாடலின் 11-ஆம் பாடல் அவரைப் "பொதியில் முனிவன்" என்று விண்மீனாகவே பாடுகிறது. கடலுக்குள் ஒளிந்துகொண்ட அசுரர்களைப் பிடிப்பதற்காக முழுக் கடலையும் குடித்தவர். சிவன் திருமணத்தின்போது வடக்கு தாழ்ந்துவிட, உலகைச் சமன்செய்யத் தெற்கே அனுப்பப்பட்டவர். இந்த இரண்டாவது கதையை என் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அந்தப் பைலட் இறங்கிப் போன பிறகு, ஓமானின் ராஸ் அல்-ஹத் முனையைத் தாண்டி இலங்கை நோக்கி வந்த நாட்களில்தான் அது எனக்கு விளங்கியது. மஸ்கட் அருகே 14 பாகை உயரத்தில் உச்சம் தொட்ட சுஹைல் ஒவ்வொரு விடியலிலும் மூன்று பாகைக்கு மேல் ஏறிக்கொண்டே வந்து, கன்னியாகுமரிக்குத் தெற்கே 30 பாகை அருகில் நின்றான். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கயிலாயத்தின் அட்சரேகையில் அந்த மீன் எவ்வளவு உயர்ந்தாலும் 6 பாகைதான். மலைகளுக்கு நடுவே அது கண்ணுக்கே தட்டுப்படாது. பொதிகையில் அது 28 பாகைக்கு மேல் ஏறுகிறது. வடக்கே தலை தூக்க முடியாதவர் தெற்கே வந்து நிமிர்ந்து நிற்கிறார்! கொலைப்பழிக்கு அஞ்சி ஓடியவன் என்று ஒரு கரையும், உலகைத் தாங்க வந்தவர் என்று மறுகரையும் சொன்னாலும், தெற்கே போனவர் திரும்பி வரவில்லை என்ற இடத்தில் இரண்டு கதைகளும் ஒன்றுகூடுகின்றன.

அடுத்து வந்த கேடட் தூத்துக்குடிப் பையன். மீன்களின் பெயர் அவன் மனத்தில் நிற்கவே இல்லை. அவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது இரண்டு காரியம் செய்தேன். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் எதற்கு என்று நினைத்து, ஜவ்ஸாவின் சாவை விட்டுவிட்டேன்; அண்ணன் கோபித்துக்கொண்டு தெற்கே போய்விட்டான், அவ்வளவுதான். கூடவே ஒன்றைச் சேர்த்தேன். சிரியஸைவிட ஒளி குறைந்த புரோசியான் விடியலில் முதலில் மங்கிவிடும், ஆகவே, "கண் கலங்கினவ சீக்கிரம் முகத்தை மூடிக்குவா, அவளை முதல்ல எடு தம்பி. ஆத்தைக் கடந்தவ தைரியசாலி, கடைசி வரைக்கும் நிப்பா" என்றேன். அதற்குப் பிறகு அவன் வரிசையை மாற்றி எடுத்ததே இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து வேறொரு கப்பலில், நவம்பர் மாதக் கடைசியில், லட்சத்தீவுக் கடலில் போய்க்கொண்டிருந்தபோது, மூன்றாம் அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் கேடட்டிடம் பேசுவது காதில் விழுந்தது. "அகத்தியருக்கு ரெண்டு தங்கச்சிங்க. அவர் கோவிச்சுக்கிட்டுத் தெக்க போனப்போ ஒருத்தி ஆகாச கங்கையைத் தாண்டிப் பின்னாலேயே போயிட்டா. இன்னொருத்தி அழுதுக்கிட்டே இந்தப் பக்கம் நின்னுட்டா. அழுறவ முதல்ல மறைஞ்சிடுவா, அவளை முதல்ல எடுக்கணும்." எங்கே கேட்டது என்று விசாரித்தேன். எங்கள் பக்கத்துப் பழங்கதை சார், கடலுக்குப் போகிறவர்கள் அந்தக் காலத்திலிருந்து சொல்வது என்றார். இன்னும் கேட்டதில், முந்தைய கப்பலில் தமக்கு மூத்த அதிகாரி ஒருவர் சொல்லித் தந்தாராம். அந்த மூத்தவருக்கு யார் சொன்னார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தூத்துக்குடிப் பையனின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

அன்று வாட்ச் முடிந்து அறைக்குப் போன பிறகும் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. மகிழ்ச்சி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். யாரோ ஒருவர் வழியில் சுஹைலை அகத்தியராக்கிவிட்டார். அது எனக்கு நெருடவில்லை, அந்த மீனுக்கு நம் ஊரில் அந்தப் பெயர்தானே. ஆறு இருந்தது, தெற்கு இருந்தது, இரு கரையிலும் இருவர் இருந்தார்கள். எவன் மாற்றிச் சொன்னாலும் அடுத்த இரவே தலையை நிமிர்த்திப் பார்க்கிற ஒருவன் அதைத் திருத்திவிடுவான். வானத்தில் ஊன்றிய பகுதி இப்படித் தப்பிவிடுகிறது. ஏன் போனான், என்ன செய்தான் என்ற பகுதிக்குத்தான் சொல்பவனைத் தவிர வேறு காவல் இல்லை. அந்தப் பகுதியைத்தான் நான் வெட்டியிருந்தேன்.

வெட்டப்பட்டவளோ என் மேசை மேலேயே இருந்தாள். அல்மனாக்கில் மாலுமிகளுக்கென்று தேர்ந்து கொடுத்திருக்கும் 57 விண்மீன்களில் ஒன்று பீட்டல்ஜூஸ், நம் திருவாதிரை. "யத் அல்-ஜவ்ஸா", அதாவது ஜவ்ஸாவின் கை, என்ற அரபுப் பெயரை இடைக்காலத்தில் லத்தீனில் பெயர்த்தவர்கள் முதல் எழுத்தின் இரண்டு புள்ளிகளை ஒன்றாகப் பிழைபடப் படித்ததால், "ய" என்பது "ப" ஆகி இந்தப் பெயர் நின்றுவிட்டது. எழுத்தைப் பிழையாகப் படித்த அந்நியர்கள்கூட அவளை விட்டுவிடவில்லை. கதையைச் சரியாகக் கேட்டுக்கொண்ட நான் விட்டுவிட்டேன். கொன்றவனை நியாயமான கோபக்காரனாகவும், இறந்தவளை இல்லாதவளாகவும் ஆக்கிய ஒரு கதை என் வழியாகக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது இன்றைக்கும் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

மறுநாள் விடியலில் இருவரையும் அழைத்து, பைலட்டிடம் நான் கேட்டதைக் கேட்டபடியே, ஜவ்ஸாவிலிருந்து தொடங்கிச் சொன்னேன். யார் எதைச் சேர்த்தார்கள், யார் எதை எடுத்தார்கள் என்பதையும் சொன்னேன். மூன்றாம் அதிகாரி சற்று நேரம் பேசவில்லை. ஊர்க்கதை என்று நம்பியிருந்ததை இழந்த வருத்தமாக இருக்கலாம். கேடட் மட்டும், "அந்தப் பொண்ணு எங்க சார் நிக்கிறா?" என்று கேட்டான். நால்வருமே அப்போது மேற்குப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். நேர் மேற்கே, 30 பாகை உயரத்தில் செந்நிறமாக இருந்ததைக் காட்டினேன். அவன் தன் குறிப்பேட்டைத் திறந்து, புரோசியான், சிரியஸ், கனோபஸ் என்று முன்பே எழுதி வைத்திருந்த வரிசைக்குக் கீழே பீட்டல்ஜூஸ் என்று எழுதிக்கொண்டு, செக்ஸ்டன்டைக் கையில் எடுத்தான். கிழக்கே அடிவானம் அப்போதுதான் பிரியத் தொடங்கியிருந்தது.